ஊரும் பேரும்: சிங்கப்பூர்க் கொலுப் பொம்மைகளும் அவற்றை வடித்தவர்களும்

நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பே சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக் கடைகளில் கொலுப் பொம்மைகள் வந்து இறங்கிவிடுகின்றன. சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் பூவுக்கும் குங்குமத்துக்கும் பக்கத்தில் தசாவதார செட், அஷ்டலட்சுமி செட், கல்யாண செட், கடை விரித்த செட்டியாரும் ஆச்சியும் என்று வரிசையாக அடுக்குகிறார்கள். வாங்க வருபவர் சாமியின் பெயரைக் கேட்கிறார்; உயரம் பார்க்கிறார்; மூக்கும் விரலும் உடையாமல் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்க்கிறார்; விலை பேசுகிறார். இதை வடித்தவர் யார் என்ற கேள்வி அந்தப் பேரத்தில் எழுவதில்லை. கடல் தாண்டி வந்த ஒரு பொருளின் வாழ்க்கை அதை வாங்கிய நாளில்தான் தொடங்கியது என்பதுபோல நடந்துகொள்கிறோம். இந்தக் கட்டுரையின் வாதம் எளியது. கொலு என்பது நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்துவரும் முறையான சேகரிப்பு. அதில் உள்ள ஒவ்வோர் உருவத்தோடும் அதைச் செய்தவரின் ஊரும் பேரும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவைத் தொடங்கச் சிங்கப்பூரைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

கொலுவைச் சேகரிப்பு என்று சொல்வது சிலருக்கு உறுத்தலாம். அது வழிபாடு; விருந்தோம்பல்; பெண்கள் கூடிப் பாடும் ஒன்பது இரவு. ஆனாலும் அதன் நடைமுறையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணில் படி கட்டுகிறார்கள். மேலே கலசமும் தெய்வங்களும், கீழிறங்க அடியார்கள், மனிதர்கள், விலங்குகள் என்று வரிசை வகுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும் என்பது வழக்கம். விஜயதசமி இரவு ஒன்றைப் படுக்க வைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறார்கள். உரிய காலம் வரும்போது மகளுக்கும் மருமகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். வகைப்படுத்தல், ஆண்டுச் சேர்க்கை, பாதுகாப்பு, கைமாற்றம் ஆகிய நான்கும் ஓர் அரும்பொருளகத்தின் வேலைகள். அரும்பொருளகம் செய்யும் ஐந்தாவது வேலையான பதிவு மட்டும் வீடுகளில் நிகழவில்லை. விநாயகர் சதுர்த்திக்குச் செய்யும் களிமண் பிள்ளையார் சில நாளில் நீரில் கரைந்துவிடுகிறார். அவருக்குப் பதிவு தேவைப்படுவதில்லை. கொலுப் பொம்மையோ பெரும்பாலும் சுட்ட மண். நூறாண்டு இருப்பதற்கென்றே தீயில் வைத்து எடுக்கப்பட்டது. நிலைத்து நிற்கும் பொருளுக்கு நினைவும் நிலைக்க வேண்டும்.

சிங்கப்பூர்க் கொலுவுக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் பொம்மைகளில் பக்கத்து ஊர்க் குயவரின் வேலை மிகுந்திருப்பது இயல்பு. இங்கே அப்படியில்லை. பண்ருட்டியின் சுடுமண், காஞ்சிபுரத்தின் காகிதக்கூழ், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியின் மண் உருவங்கள், சென்னைக் கொசப்பேட்டையின் வண்ணங்கள், புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண், தஞ்சாவூரின் தலையாட்டி, ஆந்திரத்துக் கொண்டபள்ளியின் மர உருவங்கள், செம்மரத்து மரப்பாச்சி ஆகிய எல்லாம் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் கூடத்தில் ஒரே படியில் அமர்ந்துவிடுகின்றன. குடும்பத்தின் பூர்வீக ஊர், மணமுடித்து வந்தவரின் ஊர், விடுமுறைக்குப் போன ஊர், தேக்காக் கடைக்காரர் சரக்கு எடுக்கும் ஊர் என்று பல வழிகளில் அவை சேர்ந்தவை. ஆகவே இங்கிருக்கும் ஒரு கொலு தென்னிந்திய மண்வினையின் ஒரு சிறு வரைபடம். ஊர்ப்பெயர்கள் அழிந்துவிட்டால் அந்த வரைபடத்தைப் படிக்க வழியில்லை. பண்ருட்டிக்காரர் தெருக்கோடிக்குப் போய்க் குயவரிடம் கேட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூர்ப் பேத்திக்கு அந்த வசதி கிடையாது. தொலைவு கூடக் கூடப் பதிவின் தேவையும் கூடுகிறது.

பதிவு என்ன செய்யும் என்பதற்கு மண் உருவங்களின் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. பிரான்சின் மேற்கு முனையான பிரிட்டனியில் காம்பேர் என்ற ஊர் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே வெள்ளீய மெருகிட்ட மண்பாண்டங்கள் செய்துவருகிறார்கள். அந்த ஊர் ஆலைகள் தட்டுகளோடு சிறு உருவங்களையும் வார்த்தன. கன்னி மரியாளும் அவர் தாயார் புனித அன்னாளும் வீட்டு மாடத்துக்கென்று அச்சில் வார்க்கப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டு விற்கப்பட்டார்கள். பழைய உருவங்களில் வடித்தவர் பெயர் இருக்காது. அவை நம் கொலுப் பொம்மைக்கு மிக நெருங்கிய உறவு: வீட்டு வழிபாட்டுக்கானவை, அச்சில் பிறந்தவை, மலிவானவை, பெயரற்றவை. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நிலைமை மாறியது. ஆலைகள் பயிற்சி பெற்ற ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்து மூல உருவம் செய்யச் சொல்லின. மாத்யூரென் மெயோ, ரெனே-ஈவ் கிரெஸ்தோன், குழந்தைகளின் உருவங்களுக்குப் பெயர்பெற்ற பெர்த் சவின்யி போன்றோரின் பெயர்கள் ஆலை முத்திரையோடு சேர்ந்து உருவத்தில் ஏறின. 1923-இல் தொடங்கிய செய்ஸ் பிரூர் என்ற கலைஞர் இயக்கம் பிரிட்டனி மரபுக்குப் புதுவடிவம் தேடியது. 1925-இல் பாரிஸ் பொருட்காட்சிக்கு அந்த முயற்சி போய்ச் சேர்ந்தது.

காம்பேரிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, முத்திரையும் பெயரும் பிற்காலத்தார்க்குக் காலம் காட்டும் கருவியாகின்றன. ஆன்ரியோ ஆலை முதலில் இரண்டெழுத்துக் குறியைப் பயன்படுத்தியது. அது போட்டி ஆலையின் குறியோடு மயங்குகிறது என்று வழக்கு எழுந்த பிறகு, 1922 முதல் ஆலையின் முழுப்பெயரைப் பொறித்தது. அந்த ஒரு மாற்றத்தை வைத்தே இன்றைய சேகரிப்பாளர்கள் ஓர் உருவம் எந்தக் காலத்தது என்று பிரிக்கிறார்கள். இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. பெயர் பொறிக்கும் வழக்கம் அந்த ஊரின் இரத்தத்தில் இருந்ததில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெயரில்லாமல் வார்த்தவர்கள் ஒரு கட்டத்தில் பெயரைப் பொறிக்கத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகுதான் இன்னார் செய்த மீனவப் பெண், இன்னார் செய்த குழந்தை என்று மக்கள் தேடித் தேடிச் சேர்க்கலானார்கள். அந்த ஊரில் மண்பாண்டங்களுக்கென்றே ஓர் அரும்பொருளகமும் பின்னர் எழுந்தது. ஆகவே கிழக்கில் கலைஞன் பெயரற்றவன், மேற்கில் பெயருள்ளவன் என்று பிரித்துப் பேசுவது பொருந்தாது. பெயரின்மை ஒரு காலகட்டம். அதை முடித்துவைக்க முடியும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, நம் மரபில் கலைஞன் தன்னை முன்னிறுத்தமாட்டான், தெய்வத்துக்குச் செய்த பணியில் பெயர் பொறிப்பது ஆணவம் என்பது. கேட்க உயர்வாக இருக்கிறது. சான்றுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிதம்பரம் வடக்குக் கோபுரத்தில் அதைக் கட்டியவர்களின் உருவங்களே பெயரோடு இடம்பெற்றுள்ளன. ஹொய்சளக் கோயில்களில் சிற்பிகள் தங்கள் சிலைகளின் அடியிலேயே கையொப்பமிட்டார்கள். பேலூரில் தாசோஜா, சோமநாதபுரத்தில் மல்லிதம்மா என்று இன்றும் படிக்கலாம். தென்கிழக்கு ஆசியாவிலும் பழைய சான்று உண்டு. தாய்லாந்தின் குளோங் தோம் என்ற இடத்தில் கிடைத்த உரைகல் ஒன்றில் அது பெரும்பத்தனுக்கு உரியது என்று தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஒரு பொற்கொல்லர் தம் கருவியில் தம் அடையாளத்தை எழுதிவைத்தார். பக்திக்கும் பெயருக்கும் பகை இருந்திருந்தால் இவை எதுவும் நடந்திரா.

அப்படியானால் மண் உருவத்தில் மட்டும் பெயர் ஏன் இல்லை? என் விடை இது: பெயரின்மை பக்தியிலிருந்து பிறக்கவில்லை, பொருளின் விலையிலிருந்தும் செய்தவரின் சமூக நிலையிலிருந்தும் பிறந்தது. கல்லுக்கும் பொன்னுக்கும் கிடைத்த மரியாதை களிமண்ணுக்குக் கிடைக்கவில்லை. மண்ணுக்கு வேறொரு சந்தை வந்தபோது பெயரும் வந்தது என்பதற்கு வங்காளத்துக் கிருஷ்ணாநகர் சான்று. அங்கே கூர்ணி என்ற பகுதியின் பால் குடும்பத்தார் உயிருள்ளவை போன்ற மண் உருவங்களைச் செய்தார்கள். 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சி முதல் ஐரோப்பியக் கண்காட்சிகள் அவற்றை வரவேற்றன. அதன் விளைவாக ஸ்ரீராம் பால், ஜதுநாத் பால் போன்ற பெயர்கள் ஆவணங்களில் ஏறின. கை அதே கை, மண் அதே மண். பார்ப்பவர் பார்வை மாறியதும் குயவர் சிற்பியானார். தமிழ்நாட்டுக் குயவர்களான வேளார் சமூகத்தை மதுரை வட்டாரத்தில் ஆய்ந்து 1980-இல் நூல் எழுதிய ஸ்டீபன் இங்கிலிஸ், அவர்கள் உருவம் செய்பவர்களாக மட்டுமன்றி அதற்கு உயிரூட்டும் பூசாரிகளாகவும் இருப்பதைக் காட்டினார். அதே ஆய்வாளர் கோவில்பட்டி நாட்காட்டி ஓவியர் கொண்டையா ராஜுவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ராஜுவின் கையெழுத்து தமிழர் வீட்டுச் சுவரெங்கும் தொங்கியது. நாட்காட்டிப் படங்களின் சாயலில் பொம்மை வடித்தவர்களோ பெயரில்லாமலே போனார்கள்.

இரண்டாவது மறுப்பு தொழில்முறை சார்ந்தது. கொலுப் பொம்மை அச்சில் அழுத்தி எடுப்பது, ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் பிறப்பது, அதற்குச் சிற்பி என்று ஒருவர் எங்கே என்று கேட்கலாம். செய்முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். முதலில் ஒருவர் களிமண்ணில் மூல உருவத்தைக் கையால் வடிக்கிறார். அதன் மேல் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக அச்சு எடுக்கிறார்கள். முன்பு சுட்ட மண்ணில் எடுத்தது இப்போது பெரும்பாலும் பாரிஸ் சாந்தில். பதப்படுத்திய மண்ணைத் தகடாக்கி இரு பாதிகளிலும் கட்டைவிரலால் அழுத்தி, ஒட்டி, உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். பிறகு வெள்ளைப் பூச்சு, அதன் மேல் வண்ணம், கடைசியில் கண் திறப்பு. மூலம் வடித்தவர், அச்சுக்காரர், மண் மிதித்தவர், வண்ணம் தீட்டியவர், கண் எழுதியவர் என்று ஒரு பொம்மையில் பல கைகள் கூடுகின்றன. பல பட்டறைகளில் வண்ணம் தீட்டுவதில் வீட்டுப் பெண்களின் உழைப்பும் சேர்கிறது. காம்பேர் உருவமும் இப்படித்தான் பிறந்தது. அதுவும் ஆலையில் வார்த்த பல படிகளில் ஒன்றுதான். அங்கே மூலம் வடித்தவர் பெயரும் ஆலை பெயரும் சேர்ந்து நின்றன. பல கைகள் என்பது பெயர்களைப் பன்மையில் எழுதுவதற்குக் காரணம். எழுதாமல் விடுவதற்குக் காரணமாகாது. திரைப்படத்துக்கு எத்தனை பெயர் ஓடுகிறது என்பதை நாம் பார்க்கிறோம்.

சிங்கப்பூரின் சொந்த வரலாறும் இந்த மறதியின் விலையைச் சொல்கிறது. 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை வைத்தவர். பினாங்கிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தவர். அவர் முயற்சியில் 1827-இல் கட்டையும் அத்தாப்புக் கூரையுமாய் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1843-இல் செங்கல் கட்டடமானது. அதன் சுதை வேலை நாகப்பட்டினம், கடலூர் வட்டாரத்துக் கைவினைஞர்களுடையது என்று கோயில் வரலாறு கூறுகிறது. ஊர் இருக்கிறது, பேர் இல்லை. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இருந்த இந்தியக் கைதிகளின் கதையும் அவ்வாறே. சிராங்கூன் சாலையோரச் சூளைகளில் அவர்கள் சுட்ட செங்கல் 1867-இல் ஆக்ரா பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு அவர்கள் பூசிய மெட்ராஸ் சுண்ணச்சாந்தின் செய்முறையைக் கைதிகளின் பொறுப்பாளராக இருந்த மேக்நேர் விரிவாக எழுதிவைத்தார்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி போன்ற சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். கட்டட வரைவாளர் மெக்ஃபர்சனின் பெயர் நிலைத்தது. சாந்தின் சேர்மானமும் நிலைத்தது. அதைக் குழைத்துச் சுவரில் இழைத்தவர்களை வரலாறு கைதிகள் என்ற ஒரே சொல்லால் அறிகிறது. கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியிலிருந்து பொம்மை வாங்கும் இன்றைய சிங்கப்பூரர், அந்தப் பழைய தொடர்பையும் அதே மறதியையும் தொடர்கிறார்.

மறதி தவிர்க்க முடியாதது என்று நினைக்க வேண்டியதில்லை. இதே நகரில் மாற்றுச் சான்றுகள் உள்ளன. 1937-இல் டைகர் பாம் தைல முதலாளி ஆவ் பூன் ஹாவ் கட்டிய ஹா பா வில்லாவில் சிமெண்டில் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புராண உருவங்கள் நிற்கின்றன. நெடுங்காலம் அவை டைகர் பாம் முதலாளியின் பெயரால் மட்டுமே அறியப்பட்டன. சிறுவயதிலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்து, எழுபது ஆண்டு அந்த உருவங்களைச் செப்பனிட்டு வண்ணம் தீட்டிய தியோ வியோ செங்கைப் பற்றி 2018-இல் ஓர் ஆவணப்படம் வந்தது. அதன் பிறகு அந்தத் தோட்டத்தைப் பார்ப்பவர் கண்ணில் ஒரு கைவினைஞரும் தெரிகிறார். மண்ணை எடுத்துக்கொண்டால், 1934-இல் பிறந்த இங் எங் தெங் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் மண்வினை பயின்று திரும்பினார். சுடுமண்ணிலும் சிமெண்டிலும் மனித உருவங்கள் செய்து 1981-இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். தம் படைப்புகளைத் தேசியப் பல்கலைக்கழக அரும்பொருளகத்துக்குக் கொடுத்தார். அவர் உருவம் ஒவ்வொன்றும் ஆண்டும் பெயருமாகப் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூருக்குப் பதிவு செய்யத் தெரியும். அந்தத் திறமை கலைக்கல்லூரி வழி வந்தவருக்குக் கிடைத்துவிட்டது. சூளை வழி வந்தவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அடையாளக் குறி என்றால் எதையாவது பொறித்துவிடுவது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பீங்கான் கிருஷ்ணரும் லட்சுமியும் இருந்தார்கள்; இன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வருகிறார்கள். அவற்றில் பல ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்தவை. 1887-இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டம் அயல்நாட்டுச் சரக்கில் பிறந்த நாட்டைக் குறிக்கும் வழக்கத்தை வலுவாக்கியது. அதனால் வெண்ணெய் தின்னும் கண்ணனின் அடியில் ஜெர்மனியின் பெயரைப் படிக்க முடிகிறது. சுங்க அதிகாரிக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது. நாடு தெரிகிறது, காலம் ஓரளவு தெரிகிறது. ரவி வர்மா அச்சுப் படத்தைப் பார்த்து அதை உருவமாக்கிய கை தெரியவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. எங்கோ இருந்த ஆலையில் வார்த்த கண்ணனுக்குப் பிறந்த நாடாவது பதிவாயிருக்கிறது. பண்ருட்டிக் கண்ணனுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். பெயர் வந்தால் விலை ஏறும், விலை ஏறினால் போலி வரும், வழிபட்ட பொருள் ஏலத்துக்குப் போகும், திருட்டும் வரும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007-இல் 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேஸ்வரி செப்புத் திருமேனி, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடப்பட்டது என்று தெரியவந்தது. 2015-இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. ஆனால் அந்த நிகழ்வு எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது? திருட்டு நடந்தது பொருளின் வரலாறு நன்கு பதிவாகியிருந்ததால் இல்லை. பொய் வரலாறு ஒன்றை அதன்மேல் ஒட்ட முடிந்ததால். எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது என்ற முழுச் சங்கிலி எழுத்தில் இருக்கும் பொருளைத் திருடி விற்பது கடினம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இன்று வாங்கும் புதுப் பொம்மைக்குப் பதிவு இருந்தால் நாளை அது முறையாக வந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. விலையைப் பற்றி ஒன்று. கொலுவுக்குள் ஒரு பொம்மை நுழைய வேண்டிய தகுதி அதன் விலை என்று நம் பெண்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. கழுத்து ஒட்டிய பாட்டி காலத்து மீனாட்சிதான் மேல்படியில் இருக்கிறாள். அந்த மதிப்பீடு உள்ளவரை பெயர் சந்தையின் கருவியாகிவிடாது. விலை சற்று ஏறி, அதில் ஒரு பங்கு பட்டறைக்குப் போனால் அதை வருந்தத்தக்கது என்று சொல்லவும் முடியாது.

செய்தவர்களெல்லாம் போய்விட்டார்கள், இனி எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கடைசி மறுப்பு. பொம்மையே பாதி விடை வைத்திருக்கிறது. அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் அழுத்திய விரல் தடங்கள் தெரியும். கைகளால் தட்டிய மண்ணா, கரைத்து ஊற்றிய சாந்தா என்று அதில் பிரிக்கலாம். பக்கவாட்டு ஒட்டுவரி அச்சின் வகையைச் சொல்லும். மண்ணின் நிறமும் எடையும் வட்டாரத்தைக் காட்டும். காகிதக்கூழ் கையில் எடுத்ததுமே தன்னைச் சொல்லிவிடும். ஒரே மூல அச்சில் பிறந்த பொம்மைகளை இரண்டு மூன்று வீடுகளில் ஒப்பிட்டால் அச்சு தேயத் தேய முகத்தின் கூர்மை மங்குவதைக் காணலாம். எது முந்தியது என்று வரிசைப்படுத்தலாம். சேலைக் கட்டு, நகை, வண்ணத்தின் வகை ஆகியவை பத்தாண்டுக் கணக்கில் காலம் சொல்லும். இந்தச் சான்றுகளை அழிப்பது பெரும்பாலும் நம் அன்புதான்: மங்கிவிட்டதே என்று கடையில் வாங்கிய பளபளப்பு வண்ணத்தைப் புதிதாக அடித்துவிடுகிறோம். அந்தக் கணமே பழைய கண் எழுதியவரின் தூரிகை மறைகிறது. கோபுரச் சுதைக்குக் குடமுழுக்குதோறும் வண்ணம் மாறுவது அதன் இயல்பு. ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரியில் நடந்த குடமுழுக்குக்கு முன்பும் தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து உருவங்களைப் புதுப்பித்தார்கள். மழையும் வெயிலும் படாத வீட்டுப் பொம்மைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிங்கப்பூரின் ஈரக்காற்றிலிருந்து காப்பதும் தூசு தட்டுவதும் போதும்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலை இல்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு துண்டு அட்டை: வாங்கிய ஆண்டு, கடை, வந்த ஊர், பட்டறையின் பெயர், மூலம் வடித்தவர், வண்ணம் தீட்டியவர், வீட்டில் யார் வாங்கினார், யாருக்குப் போனது. பழைய பொம்மைக்கு மூத்தவர்களின் நினைவிலிருந்து முடிந்ததை எழுதலாம். அடிப்பகுதியையும் சேர்த்துப் படமெடுத்து வைக்கலாம். தேக்காக் கடைக்காரர்கள் சரக்கு வாங்கும் பட்டறையின் பெயரை விலைச்சீட்டில் சேர்த்தால், கேள்வி கேட்கும் வழக்கம் ஓரிரு நவராத்திரியில் வந்துவிடும். 2015-இல் கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இந்த அட்டைகளை ஒன்றுசேர்க்கத் தகுந்த இடம். சிங்கப்பூர் இந்தியரின் பொருள்களைத் திரட்டுவதே அதன் பணி; கொலுவில் அந்தப் பணியின் பாதியை வீடுகள் ஏற்கெனவே முடித்துவைத்திருக்கின்றன. பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் இப்போது அச்சு எடுப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் அவர்கள் தந்தையரின் பெயர்கள் இருக்கின்றன. காம்பேரில் பெயர் பொறிக்கும் முடிவை ஆலைகள் எடுத்தன. நம்மிடம் ஆலைகள் இல்லை. அந்த முடிவை எடுக்கக்கூடியவர்கள் பொம்மையை வாங்கும் பெண்களும் அதை விற்கும் கடைக்காரர்களும்தான். இருநூறு ஆண்டுகளாக இந்தத் தீவுக்குச் செங்கல்லும் சாந்தும் சுதையும் பொம்மையும் தந்த கைகளுக்கு நாம் பட்ட கடனை, வரும் நவராத்திரிக்கு வாங்கப்போகும் பொம்மையின் அட்டையிலிருந்தே அடைக்கத் தொடங்கலாம்.